நூறு கொடி

நிலாவில் தண்ணீர் கொதிப்பதை நம்பக்கூடாது. எங்கள் குடியிருப்பில் காற்றழுத்தம் பாதிதான். எண்பது டிகிரி வருவதற்குள் பானை தளதளவென்று கொதித்துவிடும், உள்ளே அரிசி கல்லாகக் கிடக்கும். பூமியிலிருந்து புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் இந்தச் சோற்றை வாயில் வைத்துவிட்டுத் திருதிருவென்று முழிப்பார்கள். டாக்டர் நஸ்ரின் முழிக்கவில்லை. ரசம் கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் சாப்பிட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அப்படிப்பட்டவரோடு நான் சண்டை போடவேண்டி வந்தது, என் அப்பாவின் உயிருக்காக.

அப்பா பெயர் இசக்கிமுத்து. வயது முப்பது. எனக்கு முப்பத்துமூன்று. அச்சுப்பிழை ஒன்றும் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே பனிச்சுரங்கத்தில் சுவர் சரிந்து அவர் நெஞ்சு நசுங்கிவிட்டது. அப்போது இங்கே இருந்த தம்பிதுரை டாக்டர், "என்னால முடியாது, முடிஞ்சவன் எவனாவது ஒருநாள் வருவான்" என்று சொல்லி அவரைக் குளிரில் உறைய வைத்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா ஒரு தொட்டிக்குள் இருக்கிறார். ரத்தத்துக்குப் பதிலாக உடம்பு முழுக்க டாக்டர் தன் கையால் கலந்த ஒரு திரவம். அந்தக் குளிரில் அது ஐஸாகாமல் கண்ணாடி மாதிரி இறுகி நிற்கிறது. சின்ன வயதில் நான் பள்ளிக்கூடம் போகும்முன் அந்தத் தொட்டியைத் தொட்டுவிட்டுத்தான் போவேன். வயதுக்கு வந்ததைக்கூட அதனிடம் போய்ச் சொன்னேன்.

முடிந்தவர் இப்போது வந்துவிட்டார். நஸ்ரின் நெஞ்செலும்பையும் நுரையீரலையும் புதிதாக வளர்த்துப் பொருத்துகிறவர். தொட்டியைச் சோதித்த அன்றே இன்னொன்றும் சொன்னார். தொட்டியின் உட்சுவர் பழுதாகிக்கொண்டிருக்கிறது. எழுப்பினால் இந்த மாதம் எழுப்ப வேண்டும், இல்லையென்றால் எப்போதும் இல்லை.

"இது என்ன சொர்ணம்?" என்று தொட்டியின் மேல் சிவப்புப் பெயிண்டில் இருந்த எழுத்தைக் காட்டினார். சொர்ணம் நான்தான். மைனஸ் முந்நூற்று முப்பது கொடி, இதுதான் வாசல் என்று தம்பிதுரை டாக்டர் எழுதியிருந்தார். அவர் இறந்து பல வருஷமாகிறது.

"அந்தச் சூட்டுல கண்ணாடி இளக ஆரம்பிக்கும்னு அர்த்தம் டாக்டர்."

"அது புரியுது. வாசலுக்கு அரை டிகிரி கீழ நிறுத்தி வைக்கணும். உடம்பு முழுக்க ஒரே சீரா ஆனதும், ஒரே மூச்சுல சூடாக்கி மேல கொண்டுவந்துடணும். ரொம்பக் கீழயிருந்து தூக்கினா கண்ணாடி விரிசல் விடும். வாசலைத் தாண்டி நின்னுட்டோம்னா ஐஸ் ஊசி ஊசியா வளந்து உள்ள இருக்கிறதெல்லாத்தையும் கிழிச்சிடும். நடுவுல நமக்கு இருக்கிற இடம் ஒரு டிகிரிதான். கேள்வி அது இல்ல. கொடின்னா என்ன?"

"எங்க அம்மா" என்றேன்.

கேலி இல்லை, அதுதான் உண்மை. என் வேலையே அதுதான். பழைய வெப்பநிலைக் கணக்குகளைக் கெல்வினுக்கு மாற்றுவது. அதனால் அவருக்கு முதலிலிருந்து சொன்னேன்.

நான் பிறந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு சூரியப் புயல் அடித்து, இங்கிருந்த மின்கருவிகள் அத்தனையும் புத்தி கெட்டுப்போயின. எங்கள் ஆட்களைத் தூத்துக்குடியிலிருந்து சுரங்க வேலைக்குக் கூட்டிவந்த நிறுவனம் அதே சமயம் திவாலாகி, அடுத்த கப்பல் வர வருஷக்கணக்காயிற்று. சூடு தெரியாமல் நிலாவில் ஒருநாள் ஓட்ட முடியாது. காற்று, தண்ணீர், கீரைத்தொட்டி எல்லாவற்றுக்கும் சூடு தெரிய வேண்டும். பிளாட்டினம் கம்பி மட்டும் கையில் இருந்தது. சூடு ஏற ஏற அதில் மின்தடை ஏறும்.

"ரெண்டு இடம் நிச்சயமாத் தெரிஞ்சாப் போதும் டாக்டர். நடுவுல கோடு போட்டுக்கலாம், வெளியிலயும் நீட்டிக்கலாம். ஒண்ணு ஐஸ் உருகுற இடம். அது அழுத்தத்துக்கெல்லாம் பெரிசா அசையாது. இன்னொண்ணு வழக்கமா தண்ணி கொதிக்கிற இடம். நம்ம சோத்தைத்தான் பாத்தீங்களே, அதை எப்படி நம்புறது?"

"அதனால?"

"அதனால எங்க அம்மாவோட கக்கம்."

நஸ்ரின் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதானே இது? ஃபாரன்ஹீட் தன் அளவில் ஆரோக்கியமான மனித உடம்பைத் தொண்ணூற்றாறு என்று வைத்தார். நியூட்டன் அதையே பன்னிரண்டு என்றார். இன்னொருவர் கொதிக்கும் தண்ணீரைப் பூஜ்யம் என்று வைத்துத் தலைகீழாக எண்ணினார். ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு கிறுக்கு. அவற்றின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கெல்வின் அப்படியில்லை. எல்லா அசைவும் அடங்கிப்போகிற இடத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. குற்றம் சொல்ல ஒன்றும் கிடையாது, ஆனால் அதில் ஆள் நடமாட்டமே இல்லை.

புயலுக்குப் பிறகு குடியிருப்பு குளிர்ந்துபோய் ஊரே சளியும் காய்ச்சலுமாகக் கிடந்தது. ஜெயக்கொடி ஒருத்திதான் தும்மக்கூட இல்லை. அது என் அம்மா. "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று தம்பிதுரை டாக்டர் கேட்டார். "ஒண்ணுமில்ல" என்று அம்மா சொன்னாள். அப்பா சுரங்கத்திலிருந்து வெட்டி வந்த ஐஸைச் சுத்தம் செய்து, அது உருகும்போது அதில் கம்பியை வைத்துப் பூஜ்யம் போட்டார்கள். பிறகு அதே கம்பியை அம்மாவின் கக்கத்தில் வைத்து நூறு போட்டார்கள். அதுதான் தாய்க்கம்பி. மற்றதெல்லாம் அதைப் பார்த்து நகல் எடுத்தவை. அதற்குள் இன்னும் ஐஸ் வேண்டுமென்று அப்பா மறுபடி இறங்கியிருந்தார். அன்றைக்கேதான் சுவர் சரிந்தது. அப்பாவை உறைய வைத்த குளிரையும் அந்தத் தாய்க்கம்பிதான் அளந்தது.

நாங்கள் வளர்ந்ததெல்லாம் கொடியில்தான். "அறை அறுபத்தஞ்சு கொடி இருக்கு, போர்வை எதுக்கு?" என்பார்கள். அம்மா கோபப்பட்டால், "மெதுவா ஜெயக்கொடி, ஊரே சூடாயிடப் போகுது" என்று கிண்டல் செய்வார்கள். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை.

"உடம்புன்னா முப்பத்தேழு டிகிரி" என்று நஸ்ரின் விரலால் காற்றில் கணக்குப் போட்டார். "நூறு கொடி முப்பத்தேழு. அப்போ வாசல் நூத்தம்பத்தொண்ணு கெல்வின். முடிஞ்சுது."

நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் எந்த அளவை மாற்றினாலும், நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை வைத்துச் சரிபார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. கொடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் எது என்று யோசித்தபோது சிரிப்பு வந்தது. உருக்கு விளையாட்டு!

காலியம் என்று ஓர் உலோகம். வெள்ளிபோல் இருக்கும், உள்ளங்கைச் சூட்டிலேயே உருகிவிடும். பிள்ளைகள் ஒரு மணியை எடுத்து இளஞ்சூட்டுத் தட்டில் வைத்து, சூட்டை ஒவ்வொரு கொடியாக ஏற்றுவோம். மணி சரியும் நொடியில் முதலில் கத்துகிறவருக்கு மிட்டாய். "எழுபத்தொம்பது!" என்று நாங்கள் கத்தும் சத்தம் கீரைத்தொட்டி வரை கேட்கும். காலியம் உருகுவது எங்கேயும் எப்போதும் இருபத்தொன்பதே முக்கால் டிகிரியில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். நஸ்ரின் சொன்னபடி நூறு கொடி முப்பத்தேழு டிகிரி என்றால், மணி எண்பதைத் தாண்டி உருகியிருக்க வேண்டும். எழுபத்தொன்பதில் உருகியது என்றால், அம்மாவின் நூறு முப்பத்தேழரைக்கும் மேலே.

அரை டிகிரிதானே என்று தோன்றும். ஐஸிலிருந்து விலகிப் போகப் போக அது பெருகும். அப்பா இருக்கும் ஆழத்தில் அது இரண்டு டிகிரிக்கும் மேல். வாசல் நூற்றைம்பத்தொன்றில் இல்லை, நூற்று நாற்பத்தொன்பதில். நஸ்ரின் வாசலுக்குக் கீழே நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு அப்பாவை வாசலுக்கு வெளியே நிறுத்தப் போகிறார்.

ஓடினேன்.

"சின்னப் பிள்ளைங்க விளையாட்டை நம்பி நான் ஒரு மனுஷனை எழுப்ப முடியாது சொர்ணம்" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. "எழுபத்தொம்பதா எண்பதான்னு உங்களுக்கு அவ்வளவு நிச்சயமா?"

கூட விளையாடியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். லூர்து எழுபத்தொன்பது என்று சத்தியம் செய்தான். அவன் தங்கை எண்பதுதான் என்று அவனோடு அங்கேயே சண்டைக்கு நின்றாள். தாய்க்கம்பியை எடுத்து அளந்து பார்க்கலாமென்றால் அது இல்லை. எங்கள் ஊரில் எதையும் பழசு என்று எடுத்து வைக்கிற வழக்கம் கிடையாது. நிலாவில் பிளாட்டினம் விளையாது. கப்பல் வந்து புதுக் கருவிகளை இறக்கிய அன்றே கொடிக்கம்பிகள் எல்லாவற்றையும் சந்தோஷமாக உருக்கிவிட்டார்கள். நானும் கைதட்டினேன்.

"உங்க அம்மா சூடு அன்னைக்குக் கூடுதலா இருந்ததுக்கு ஒரு காரணம் காட்டுங்க" என்றார் நஸ்ரின். "காரணமில்லாம நான் ரெண்டு டிகிரி நகர மாட்டேன். நகந்தது தப்பாப் போச்சுன்னா விரிசல்ல போயிடுவார்."

இரண்டு பேரும் கீரைத்தொட்டிக்குப் போனோம். அம்மா முழங்கை வரை ஈரமாக, அரைக்கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கம்பி வச்ச அன்னைக்கு உனக்குக் காய்ச்சல் இருந்துச்சா?"

"எனக்கா? காய்ச்சலா?" அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏட்டி, ஊரையே அளந்த உடம்புட்டி இது. ஒரு தும்மல் கண்டிருப்பியா நீ?"

"மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களாம்மா? கழுத்துல கட்டி, தைராய்டு, அப்படி ஏதாவது?" நஸ்ரின் பொறுமையாகக் கேட்டார்.

"ஒண்ணுமே கெடையாது டாக்டரம்மா. கல்லு மாதிரி இருந்தேன்."

நஸ்ரின் பெருமூச்சு விட்டார். பிறகு தற்செயலாக என்னைப் பார்த்தார். பார்வையை எடுக்கவில்லை.

"சொர்ணம், உங்களுக்கு என்ன வயசு?"

"முப்பத்துமூணு. இந்த மாசந்தான் முடிஞ்சுது."

"கம்பி வச்சு எத்தனை வருஷமாச்சு?"

"முப்பத்துமூணு வருஷம், கூட ஒரு எட்டு மாசம்…"

கம்பி வைத்த அன்றே அப்பா தொட்டிக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் உண்டாகியிருக்க வழியே இல்லை. இதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானம் வேண்டாம், விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். இத்தனை வருஷமாக ஊரில் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அளவு மாற்றுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற நானும் எண்ணவில்லை.

"கரு தங்கின முதல் வாரங்கள்ல உடம்புச் சூடு அரை டிகிரி, சில பேருக்கு அதுக்கு மேலயும் ஏறி நிக்கும்" என்று நஸ்ரின் மெதுவாகச் சொன்னார். "அது காய்ச்சல் இல்ல. உடம்பு உள்ள ஒரு ஆளுக்கு இடம் பண்ணிக் குடுக்குது, அவ்வளவுதான். அம்மா, உங்களுக்கு அன்னைக்குத் தெரியுமா?"

அம்மா கீரையைக் கீழே வைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்" என்றாள். "நாள் தள்ளிப் போயிருந்துது. தம்பிதுரை டாக்டர் கேக்கும்போது வாய் வரைக்கும் வந்துட்டு. ஆனா மொதல்ல அவருகிட்டல்லா சொல்லணும்? புருஷன் காதுக்கு எட்டும் முன்ன ஊருக்குச் சொல்லுவாளா ஒருத்தி? ஐஸ் வெட்டிட்டு வந்ததும் சொல்லிக்கிடலாம்னு ஒண்ணுமில்லன்னுட்டேன். அவரு வரல. கொண்டுவந்தாவ. சூடு கூடும்னு எனக்கு எப்படிட்டித் தெரியும்?"

"யாரும் உன்னைக் குத்தம் சொல்லலம்மா."

"அவருக்கு இன்னும் தெரியாதுட்டி" என்று சொன்னபோதுதான் அம்மா அழுதாள். "பிள்ளை இருக்கதே அவருக்குத் தெரியாது."

நானும் அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று பிரிக்கத் தெரியவில்லை. அந்த அரை டிகிரி நான்தான். எங்கள் ஊர் மூச்சுவிட்ட காற்றையும், குளித்த தண்ணீரையும், வேகாத சோற்றையும் அளந்த ஒவ்வொரு கொடியிலும் நான் துளித்துளியாக இருந்திருக்கிறேன். பிறப்பதற்கு முன்பே, யாருக்கும் தெரியாமல். அப்பாவைத் தொட்டிக்குள் வைத்து அளந்தபோதும் நான் அந்தக் கணக்கில் இருந்தேன். தொட்டியைத் தொட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போன பெண்ணுக்கு அன்றைக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

நஸ்ரின் அங்கேயே நின்றபடி மறுபடி கணக்குப் போட்டார். காலிய மணி சொன்னதும் என் பிறந்தநாள் சொன்னதும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தின. "நூத்து நாப்பத்தொம்பது" என்றார். "அதுக்கு அரை டிகிரி கீழ நிறுத்துறேன். வாங்க."

அம்மா நகரவில்லை.

"நீங்க போங்க. நான் வரல."

"ஏம்மா?"

"என்னைப் பாருட்டி. தலை பஞ்சா வெளுத்துட்டு. அவரு விட்டுட்டுப் போனது இருபத்தெட்டு வயசுக்காரிய. கண்ணு தொறந்ததும் ஒரு கெழவி முன்ன நின்னா, யாரு நீன்னு கேட்டுட்டாருன்னா நான் என்ன சொல்ல?"

எந்த அளவில் மாற்றினாலும் அந்த வருஷங்கள் அவர்கள் இருவருக்கும் சமமாக வராது. அவருக்கு அது ஒரு கண்மூடல். அவளுக்கு ஒரு ஆயுள். என்னால் முடிந்தது வம்பு இழுப்பதுதான்.

"என்னைப் பாத்தா அக்கான்னு கூப்பிடப் போறாரும்மா. உன் பாடு தேவலை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, கூந்தலை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டு வந்தாள். ஆனால் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள்.

இயந்திரம் அப்பாவை நூற்று நாற்பத்தெட்டரைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. உடம்பு முழுக்க ஒரே சீராக வரும்வரை காத்திருந்தோம். நஸ்ரின் உதடு அசைந்துகொண்டிருந்தது, துவா என்று நினைக்கிறேன். பிறகு விசையைத் தட்டினார். விரிசல் விட்டால் சத்தம் கேட்கும் என்று முன்பே சொல்லியிருந்தார், அதனால் நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதுகொடுத்தோம். ஒன்றும் கேட்கவில்லை. தொட்டியின் மூடியில் மட்டும் வேர்த்தது. நஸ்ரின் திரையைப் பார்த்தார், கீழே உட்கார்ந்தார், "ஒரு ஊசி ஐஸ்கூட இல்ல" என்று சொல்லிவிட்டு எங்களைவிட அதிகமாக அழுதார்.

அதற்குப் பிறகு ரத்தம் ஏற்றி, நெஞ்சைத் திறந்து, நுரையீரல் பொருத்தி, வாரக்கணக்காயிற்று. அத்தனை நாளும் அவரை மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. எத்தனை கொடி என்று அளக்கத் தோன்றவில்லை.

மயக்கம் தெளிவித்த அன்று அம்மா வெளுத்த நீலச் சேலை கட்டியிருந்தாள். அப்போதும் எனக்குப் பின்னால்தான். அப்பா கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார், நஸ்ரினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரையும் தெரியவில்லை. பிறகு என் தோளுக்கு மேல் தெரிந்த வெள்ளைத் தலையைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

அவர் கை மெத்தையிலிருந்து ஒரு சாண் எழுந்தது. நான் ஒதுங்கினேன். அம்மா வேறு வழியில்லாமல் முன்னால் வந்து குனிந்தாள். அந்தக் கை அவள் கன்னத்துக்குப் போகவில்லை, நரைக்குப் போகவில்லை. புறங்கையால் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தது.

"காய்ச்சல் விட்டுட்டாட்டி?" என்றார். குரல் காற்றாகத்தான் வந்தது. "காலைல கெளம்பும்போது லேசாச் சுட்டுதே. கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னே."

நஸ்ரின் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுட்டுங்க" என்றாள் அம்மா. இன்னொரு கையை நீட்டி என்னை இழுத்து அவர் முன்னால் நிறுத்தினாள். "இந்தா நிக்குறா பாருங்க."